பீரோவுக்குள் போய்ப் பாடு என்ற நண்பர் சொன்னது சரிதான்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன், ஓசூரில் வேலை. லீவு நாளில் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசை. எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எந்த மைக் வாங்கலாம் என்று நண்பர்களிடம் கேட்டால் ஒரே கிண்டல். "உன் குரலுக்குக் கோயில் மைக் செட்டே போதும்" என்கிறான் ஒருவன். "மைக்கேல் ஜாக்சன் மைக்கை வாங்கு, குரல் தானா வரும்" என்கிறான் இன்னொருவன். "பீரோவுக்குள்ள போய்ப் பாடு, ஊராவது தப்பிக்கும்" என்கிறான் மூன்றாமவன். நானும் சிரித்தேன். ஆனால் எதை வாங்குவது? வீடு பைபாஸ் பக்கம், லாரிச் சத்தம் உண்டு.

பதில்: உங்கள் நண்பர்களில் இரண்டு பேர் விளையாட்டாகச் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். தவறாகச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சனை இழுத்தவர்தான், அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1982-இல் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்துக்காக மைக்கேல் ஜாக்சன் பாடியதை ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் ஷ்யூர் எஸ்எம்7 என்ற மைக்கில்தான் பதிவு செய்தார். இன்று கடையில் கிடைக்கும் எஸ்எம்7பி 2001-இல் வந்த அதன் வாரிசு. அருமையான மைக், ஆனால் அதிலிருந்து வரும் சிக்னல் மிகக் குறைவு. குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டியில் குமிழைக் கடைசிவரை திருகினால் குரலோடு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறிவரும். மைக்குக்கே பணம் தீர்ந்துவிடும், மற்றவற்றுக்கு மிஞ்சாது. இப்போதைக்கு வேண்டாம்.

இனி பீரோ. கதவைச் சாத்திவிட்டு, அறை நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு, பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய பிறகும் 'டங்' என்று ஒரு வால் நீள்கிறதா? சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் நீளும். அந்த வால் உங்கள் குரலில் ஒட்டிக்கொண்டால் ஒன்றரை லட்ச ரூபாய் மைக்காலும் அதை எடுக்க முடியாது. துணி அடுக்கிய பீரோ அதைக் குடிக்கும்.

ஆனால் பலரும் பீரோவைப் பார்த்து நின்று பாடுகிறார்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள். குரலுக்கான மைக் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை: முன்னால் வருவதை வாங்கும், பின்னால் வருவதைத் தள்ளும். அதன் முன்பக்கம் பார்ப்பது உங்கள் வாயை மட்டுமல்ல, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதனால் பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இரண்டு பக்கமும் தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். மைக்கின் பின்புறம் ரோட்டுப் பக்க ஜன்னலைப் பார்க்கட்டும்.

தர்மபுரியில் என் அறைக்கு, பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியார் பாட வந்தார். விடிய விடிய திறந்த வெளியில் பாடிய குரல். அரை அடியில் நிற்க வைத்தேன், முதல் வரியிலேயே மீட்டர் சிவப்பைத் தொட்டது. கெயினை முழுக்க இறக்கியும் அடங்கவில்லை. இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னதும் மீட்டர் அடங்கியது, அறையின் எதிரொலி உள்ளே புகுந்தது. கடைசியில் வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவந்து அவர் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகச் சாய்த்தேன். அடுத்த டேக்கில் அறை காணாமல் போய் அவர் குரல் மட்டும் நின்றது. மைக்கை மாற்றவே இல்லை.

முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டுவதில் பலன் ஏறக்குறைய இல்லை. லாரியின் உறுமலைக் கம்பளியும் தடுக்காது, தாழ்ந்த ஒலி எதையும் துளைத்து வரும். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, பதிவுக்குப் பிறகு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள்.

மைக்கில் இரண்டு வகை: மேடைக்கு ஏற்ற முரட்டு டைனமிக், தனியாக மின்சாரம் கேட்கும் நுணுக்கமான கண்டென்சர். "டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வாங்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் வாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. இரண்டும் கார்டியாய்ட் என்றால், ஒரே தூரத்தில் வைத்துக் குரலை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் அறையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். டைனமிக்கில் நாம் வாயை ஒட்டிப் பாடுகிறோம், வித்தியாசம் அங்கேதான். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறைச் சத்தமோ அப்படியே இருக்கும். ஓரடியிலிருந்து 3 அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல் லாபம்.

அதனால்தான் கோயில் மைக் செட் என்று சொன்னவர் பக்கம் நிற்கிறேன். மேடையில் பார்க்கும் அந்த உருண்டைத் தலை டைனமிக் மைக் ஷ்யூர் எஸ்எம்58, 1966-லிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம். ஸ்டாண்டில் மாட்டி, வாய்க்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் வைத்து, மூன்று நான்கு அங்குலத்தில் கொஞ்சம் சாய்வாகப் பாடுங்கள். நேராகப் பாடினால் 'ப', 'ம்ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். மேடைப் பாடகர்கள்போல் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. கிட்டே போகப் போக அடிக்குரல் தடிக்கும். மெல்லிய குரலுக்கு அது நல்லது, கனத்த குரல் என்றால் இரண்டு அங்குலம் பின்வாங்குங்கள். எஸ்எம்58-க்குப் போலி நிறைய உலவுகிறது, பில்லோடு வாங்குங்கள்.

தாலாட்டுபோல் மெதுவாகப் பாடுபவரா நீங்கள்? அறையையும் கம்பளியால் அடைத்துவிட்டீர்களா? அப்படியானால் ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சரைப் பார்க்கலாம். அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் வழியாக வரும் மின்சாரம், வேண்டும். அதன் உச்சியில் பாடக்கூடாது, சின்னம் பொறித்த பக்கத்தைப் பார்த்துப் பாட வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் ஒரு வாரம் முழுக்க உச்சியில் பாடிவிட்டு மைக் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருந்தான்.

மீதிப் பணத்தில் 48 வோல்ட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸ், மைக்கை அதோடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஆடாத ஸ்டாண்டு. ஹெட்போன் வயர் உள்ளதாக, காதை மூடுவதாக இருக்கட்டும். புளூடூத்தில் உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்கும், தாளம் தவறும்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. கையிலிருக்கும் செல்போனில், ஒரே பல்லவியை வெறும் அறையில் ஒருமுறையும், திறந்த பீரோவுக்கு முதுகு காட்டி ஒருமுறையும் பாடிப் பதியுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இரண்டு முறையும் அதே இடத்தில். இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கம்பளியை இன்னும் ஒன்று கூட்டிவிட்டு மறுபடி பதியுங்கள்.