பயிர் பச்சையாக நின்றால் போதுமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

மண்ணில் கலந்த காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள், அவை தானியத்துக்கு ஏறுவது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கி, இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அரிசியை நாலைந்து தண்ணீரில் நன்றாகக் கழுவினால் காட்மியம் போய்விடும் என்கிறார் விற்பவர். உண்மையா?

பதில்: இல்லை. அது மணிமேல் ஒட்டிய தூசி அல்ல, வேர் வழியாக ஏறி மணிக்குள்ளேயே தங்கிவிட்டது.

கேள்வி: மூடிக் கிடக்கும் உலோக உருக்காலைக்குப் பக்கத்தில் மலிவாக நிலம் வந்தது, வாங்கிவிட்டேன். விற்றவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோதுமை விதைத்தேன், பச்சைப் பசேலென்று நிற்கிறது. இனி மண் பரிசோதனை அவசியமா?

பதில்: உருக்காலை பக்கத்து நிலம் ஏன் மலிவாக வருகிறது என்று வாங்குவதற்கு முன் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். நிலத்துக்குக் கொடுத்த பணத்தோடு பார்த்தால் பரிசோதனைச் செலவு ஒன்றுமே இல்லை. அதை மிச்சம் பிடித்துவிட்டு இப்போது 'அவசியமா' என்று கேட்பது எனக்குப் புரியவில்லை. அவசியம்தான்.

பயிர் பச்சையாக நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தாமிரம், நிக்கல், துத்தநாகம் மண்ணில் அளவு மீறினால் பயிரே முதலில் காட்டிக்கொடுத்துவிடும். வேர் நுனி பழுப்பேறித் தடித்துக் குட்டையாகும், இளம் இலை வெளிறும், தூர் கட்டாது. மணியில் சாப்பிடுபவருக்கு ஆபத்தான அளவு சேர்வதற்குள் விளைச்சலே படுத்துவிடும். காட்மியம் அப்படி இல்லை. கோதுமைக்கு ஒரு வாட்டமும் தராத அளவிலேயே மணியில் வரம்பைத் தாண்டிவிடும். கோதுமைக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ஆனால் உருக்காலைப் பக்கத்தில் புழுதியாகப் பறந்து வந்து கதிர்மேல் நேரடியாகப் படியும்.

நிலத்தில் பல இடங்களில் மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து கொடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் எடுங்கள். துத்தநாகம் பூசிய தகர வாளியில் எடுத்தால் துத்தநாகக் கணக்கு கெட்டுவிடும். காட்மியம், ஈயம், ஆர்சனிக், துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றோடு மண்ணின் அமிலத்தன்மையையும் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவு காட்மியம் இருந்தாலும் அமில மண்ணில் பயிர் அதை அதிகமாக இழுக்கும். அறுவடையானதும் மணியையும் பரிசோதியுங்கள். அந்த முடிவு வரும்வரை கோதுமையை விற்கவும் வேண்டாம், வீட்டில் அரைக்கவும் வேண்டாம்.

கேள்வி: லாரி லாரியாக மலிவு விலையில் கம்போஸ்ட் தருகிறார்கள். 'முழுக்க இயற்கை, ரசாயனம் இல்லை' என்று சாக்கில் அச்சடித்திருக்கிறது. நெல் வயலுக்குப் போடலாமா?

பதில்: எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்டீர்களா? எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இந்தச் சாக்குகள்மேல்தான்.

நானும் இதே வாசகம் அச்சடித்த கம்போஸ்ட் வாங்கியிருக்கிறேன். சாக்கைப் பிரித்துத் தார்ப்பாயில் கொட்டிப் பரப்பியபோது கறுப்புப் பொடிக்கு நடுவே மின்னியது. விரலால் விலக்கிப் பார்த்தால் உடைந்த பேட்டரியின் துத்தநாக ஓடு, மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடு, கண்ணாடித் துணுக்கு. தரம் பிரிக்காத நகரக் குப்பையை அப்படியே மக்கவைத்துச் சலித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினேன், ஈயம் நான் பயந்ததைவிட அதிகம். விற்றவரிடம் கேட்டதற்கு, 'மக்கிய பொருள் எல்லாமே இயற்கைதானே' என்றார்.

இயற்கை என்ற சொல் உலோகத்துக்கு எந்தப் பதிலும் சொல்வதில்லை. பூச்சிமருந்து காலப்போக்கில் சிதையும். காட்மியமும் ஈயமும் தனிமங்கள், சிதைய அவற்றில் ஒன்றும் இல்லை. குப்பை மக்கி எடை குறையக் குறைய, இருக்கிற உலோகம் செறிவாகத்தான் ஆகும். சாக்கடைக் கசடில் செய்த உரமும் அப்படித்தான். கசடு எந்த ஊர்ச் சாக்கடை, அதில் எந்த ஆலைக் கழிவு கலக்கிறது என்பதைப் பொறுத்தது அதன் தரம். மூட்டையில் வரும் மணிச்சத்து (பாஸ்பேட்) உரத்தையும் விட்டுவிட முடியாது. அதன் மூலப்பொருளான பாறை பாஸ்பேட்டில், குறிப்பாகப் படிவுப் பாறையிலிருந்து எடுத்ததில், காட்மியம் இயல்பாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் மணிச்சத்து உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (மணிச்சத்தை இந்தக் கணக்கில்தான் அளப்பார்கள்) 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மணிச்சத்து எத்தனை சதவீதம் என்று சாக்கில் அச்சடிக்க முடிகிறவர்களுக்குக் காட்மியம் எவ்வளவு என்று அச்சடிக்க ஏன் முடியாது? ஒருமுறை வயலில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. வாங்குபவருக்கு மட்டும் அது தெரியாமலே இருக்க வேண்டுமா?

ஆகவே மூலப்பொருள் என்ன, பேட்ச் எண் என்ன, அந்த பேட்சுக்கு உலோகப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். 'பரிசோதிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி, எண் எதுவும் இல்லாத தாள் ரிப்போர்ட் ஆகாது. தர மறுத்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: 'நல்ல மண், நல்ல வாய்க்கால் தண்ணீர்' என்று உறுதி கொடுத்ததால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். விளைந்த நெல்லில் காட்மியம் அதிகம் என்று ஆலை திருப்பிவிட்டது. வாய்க்கால் பழைய சுரங்கம் ஒன்றைத் தொட்டு வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நிலக்காரர் குத்தகைப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் மனதைப் பாரமாக்கிவிட்டது. நீங்கள் கேட்டீர்கள், உறுதி சொன்னார்கள், நம்பினீர்கள். இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. ஆலை திருப்பிய கடிதம், நெல்லின் பரிசோதனை எண், ஒப்பந்தம், அந்த உறுதி எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் அது, எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேருங்கள். மண்ணையும் வாய்க்கால் படிவையும் சாட்சியை வைத்து எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அப்புறம் வழக்கறிஞரைப் பாருங்கள். உண்மையை மறைத்துக் குத்தகைக்கு விட்டது சாதாரண விஷயம் இல்லை.

சுரங்கத் தண்ணீரும் நெல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் டொயாமா பகுதி ஜின்சு ஆற்றுப் படுகை சாட்சி. சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீரில் விளைந்த அரிசியைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு வலுவிழந்து, லேசான அசைவிலேயே முறிந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்கள். 'இதாய் இதாய்' என்ற அந்த நோய்க்குக் காட்மியம்தான் காரணம் என்று 1968-இல் அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த நெல்லை வேறு யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள். நஷ்டம் பெரிதுதான், தெரிந்தே சொல்கிறேன்.

அந்த நிலத்தில் தொடர வேண்டிய கட்டாயம் இருந்தால், சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மையைக் குறைத்துவிடுங்கள். கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்பு வரை வயலில் தண்ணீர் வற்றாமல் தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும். ஆனால் அதே சேற்றில் ஆர்சனிக் கரைந்து, நெல் சிலிக்காவை இழுக்கும் வழியிலேயே உள்ளே போகும். மண்ணில் ஆர்சனிக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்யுங்கள். ஆர்சனிக் மிகுந்த வயலில் மணி பிடிக்காமல் பதராகிப்போன கதிர், எடை இல்லாததால் அறுவடை நேரத்திலும் தலை சாயாமல் விறைத்து நிற்கும்.

கேள்வி: கைக்குத்தல் அரிசி சத்து என்பதால் ஆறு மாதக் குழந்தைக்கு மூன்று வேளையும் அந்த மாவுதான். சரியா?

பதில்: மூன்று வேளையும் வேண்டாம். ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. அதனால்தான் கனிம ஆர்சனிக்குக் (ஆர்சனிக்கின் அதிக நச்சு வடிவம்) கோடெக்ஸ் வரம்பு தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், உமி மட்டும் நீக்கியதற்கு 0.35. குழந்தைகளுக்கான அரிசி உணவுக்கு அமெரிக்கா 2020-இல் வைத்த அளவு 0.1 மட்டுமே. வேறு தானியங்களையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சோறாகச் சமைக்கும்போது நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் கனிம ஆர்சனிக் ஏறக்குறைய பாதி குறையும், தண்ணீர் சுத்தமாக இருந்தால்.

கேள்வி: தானியத்திலிருந்து உலோகத்தை உறிஞ்சும் பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: சூரியகாந்தியும் கடுகும் விதைத்தால் ஒரே பருவத்தில் மண் சுத்தமாகிவிடும் என்று விதை விற்கிறார் ஒருவர்.

பதில்: அவை உலோகத்தை உறிஞ்சுவது உண்மை, 'ஒரே பருவத்தில்' என்பது பொய். பல வருடம் பிடிக்கும் வேலை. அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, மக்கவைத்து வயலுக்கும் திருப்ப முடியாது. அதை என்ன செய்வது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: லேசாகக் காட்மியம் உள்ள மண். எந்தத் தானியத்தின் விதை வாங்கினால் நல்லது?

பதில்: மக்காச்சோளம். அதன் மணியில் காட்மியம் பொதுவாகக் குறைவாகவே சேரும். கோதுமைதான் வேண்டுமென்றால் பாஸ்தாவுக்கான டூரம் வகையைத் தவிருங்கள், ரொட்டிக் கோதுமையைவிட அது அதிகம் சேர்க்கும். நெல்லில் காட்மியத்தை மிகக் குறைவாக எடுக்கும் ரகங்கள் வந்திருக்கின்றன. ஜப்பானில் கோஷிஹிகாரி என்ற நெல் ரகத்தை அயனிக் கற்றையால் (வேகமாகப் பாயும் மின்னேற்றத் துகள்கள்) மாற்றி அப்படி ஒன்றை உருவாக்கினார்கள். உங்கள் மண்ணுக்கு அந்த மாதிரி ரகம் கிடைக்கிறதா என்று விதை வாங்கும் முன் கேளுங்கள், பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.