பாபாவின் தலையில் உடைந்த விளக்குகள்

கேள்வி: யூதர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தின் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். ஒரு கதையில் மனைவி, கணவன் சொன்னான் என்று ஒரு பெரியவர் தலையில் விளக்குகளை உடைக்கிறாள். ஏன் உடைத்தாள் என்றே படிப்பவர்களுக்குப் புரியவில்லை. அடிக்குறிப்பு போட்டால் போதுமா?

பதில்: போதாது. வாசகர் அடிக்குறிப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் சிரிப்பு ஆறிவிடும்.

இது தல்மூத்தில் நேர்ச்சைகள் பற்றிய நெதாரிம் பகுதியில், 66-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் வருகிறது. கணவன் பாபிலோனியாக்காரன், மனைவி இஸ்ரேல் தேசத்துப் பெண். இருவரும் பேசுவது அக்காலத்து மேற்காசிய மொழியான அரமேயம்தான், ஆனால் வட்டார வழக்கு வேறு. ‘ரெண்டு பருப்பு வேகவை’ என்றால் எண்ணி இரண்டே பருப்பை வேகவைக்கிறாள். அப்புறம் ஒருநாள் ‘ரெண்டு பூட்சினே கொண்டு வா’ என்கிறான். அவன் கேட்டது பூசணி வகைக் காய். அவள் ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கு என்று பொருள். இரண்டு விளக்குகளோடு வந்து நிற்கிறாள். ‘போய் பாபா தலையில் போட்டு உடை!’ என்று கத்துகிறான். பாபா என்றால் வாசல். அந்நேரம் வாசலில் உட்கார்ந்து வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தவர் பாபா பென் பூட்டா என்ற அறிஞர். அவர் தலையிலேயே உடைத்துவிட்டாள்.

‘என் வீட்டுக்காரர் சொன்னார்’ என்றவளை அவர் திட்டவில்லை. ‘உன்னைப்போல் கணவன் சொல்லைக் கேட்டவளுக்கு பாபா பென் பூட்டா போல இரண்டு பிள்ளைகள் பிறக்கட்டும்’ என்று வாழ்த்துகிறார். இரண்டு விளக்குக்கு இரண்டு பிள்ளை! அந்த ‘இரண்டை’ எங்கும் விட்டுவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பூட்சினே, பாபா இரண்டையும் அரமேயமாகவே வையுங்கள். அவள் கையை ஓங்கும் முன்பே, இரண்டு பொருளும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ச் சிலேடை ஒன்றைக் கட்டி மாற்றாகப் போட ஆசை வரும், வேண்டாம். ஏரோது மன்னன் காலத்து மனிதரான பாபா பென் பூட்டாவின் பெயரே அங்கே சிலேடையாக நிற்கிறது, அதை மாற்ற முடியாது.

வேற்றுமொழிச் சொல்லை வைத்துச் சொல்லும் இன்னொரு வகைக் கதையும் உங்களுக்கு வரும். எபிரேய மொழியில் பத்துக் கட்டளைகளின் முதல் சொல் ‘அனோகி’, அதாவது ‘நான்’. அதை எகிப்தியச் சொல் என்கிறது ஒரு மித்ராஷ், அதாவது வேதத்துக்கு யூத அறிஞர்கள் தந்த பழைய விளக்கம். (எகிப்தியத்தின் பிற்கால வடிவமான காப்டிக்கில் ‘அனோக்’ என்றால் நான்தான்.) சிறைபிடிக்கப்பட்ட இளவரசன் எதிரிகள் நடுவே பல காலம் இருந்து அவர்கள் மொழியையே பேசப் பழகிவிட்டான். மீட்டு வந்த தகப்பன் அதே மொழியில் அவனிடம் பேச்சைத் தொடங்கினான். எகிப்திலிருந்து வந்த மக்களிடம் கடவுளும் அப்படியே பேசினார் என்கிறது அது. எனக்கு மிகவும் பிடித்த இடம். இங்கே விளக்கமே தேவையில்லை. ‘அனோகி’யை அப்படியே எழுதி, ‘நான்’ என்பதைப் பக்கத்தில் வையுங்கள். மீதியை அந்தத் தகப்பன் கதையே சொல்லிவிடும்.