அச்சடித்த பழமை

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் பிள்ளைகளோடு ஜங்க் ஜர்னல் (பழைய காகிதத் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் எழுதிவைக்கும் நோட்டு) செய்யலாமென்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டுக்கு ஒரு பெட்டி வரவழைத்தேன். பழைய தபால்தலை, ரயில் டிக்கெட், பிரெஞ்சுக் கடிதம் எல்லாம் அச்சடித்த தாள்களாக இருந்தன. ஆறு பிள்ளைகளின் நோட்டும் ஒரே மாதிரி வந்தது. மறுநாள் யாரும் அதைத் தொடவில்லை. எங்கே தவறினேன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பெட்டியை வாங்கியதுதான் தவறு. அதிலுள்ள ரயிலில் உங்கள் பிள்ளைகள் யாரும் ஏறியதில்லை. வீட்டு இழுப்பறையிலோ கல்யாணப் பத்திரிகை, கிழித்த தினசரிக் காலண்டர் தாள், பண்ருட்டி முந்திரி வந்த பொட்டலம் என்று ஒவ்வொன்றும் அவர்கள் கண்முன்னே வந்து சேர்ந்தவை. என் பேத்தி தன் பாட்டியின் மளிகைச் சீட்டை ஒட்டினாள்; அதில் பெருங்காயம் மட்டும் ஏன் கோடிட்டு அடிக்கப்படவில்லை என்று கேட்டு, அன்று கடைக்காரரோடு நடந்த சண்டைக் கதை முழுவதையும் பாட்டியிடம் வாங்கி எதிர்ப்பக்கத்தில் எழுதினாள்.

ஏதாவது வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், 1959 முதல் புதுச்சேரியில் இயங்கும் அரவிந்தர் ஆசிரமக் கைவினைத் தாள் கூடத்தின் தாளை வாங்குங்கள். அதுவும் பருத்தித் துணிக் கழிவில் பிறந்ததுதான். நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம். செருப்புப் பெட்டி அட்டையை மேலுறையாக வைத்து, மடிப்பில் மூன்று துளைகளை நீங்களே குத்திக்கொடுங்கள். ஊசி நடுத் துளையில் உள்ளிருந்து வெளியேறி, மேல் துளை வழியாக உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேறி, மறுபடி நடுவே நுழைந்ததும், அங்குள்ள நீளத் தையலை நடுவில் பிடித்து இரு முனைகளையும் முடிச்சிட்டால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் முறை கைவந்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசையே நல்லது. பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய பைண்டர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் புழங்கும் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கோணலாக ஒட்டியதைத் திருத்தப் போகாதீர்கள் (நான் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன்).

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இப்போதைய பேருந்து டிக்கெட்டும் கடை பில்லும் பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசிய தாள்கள். சில மாதங்களில் எழுத்து வெளிறிவிடும். அவற்றை நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். எங்கே போனோம், ஜன்னலோரம் யார் உட்கார்ந்தது என்பதைப் பக்கத்தில் பென்சிலால் எழுதட்டும்.