கேள்வி பதில்: பழகிய கணக்கும் பிடிபடாத கோளாறும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் பயிற்சிக் கணக்குகளை மளமளவென்று போட்டுவிடுகிறான். தேர்வில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால், எளிய கணக்கிலும் திணறுகிறான். கவனக்குறைவா?

பதில்: இல்லை. தயவுசெய்து அப்படிச் சொல்லித் திட்டாதீர்கள். ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டதில் கை ஒரு வழிக்குப் பழகிவிட்டது. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட குடுவைக் கணக்குகளை அவனுக்கே கொடுத்துப் பாருங்கள். 21, 127, 3 அளவு குடுவைகளைக் கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரண்டு முறையும் கழித்தால் 100. இதே வழியில் போகும் நாலைந்து கணக்குகளை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். பிறகு 23, 49, 3 கொண்டு 20 எடுக்கச் சொல்லுங்கள். 23-லிருந்து 3-ஐக் கழித்தால் போதும். ஆனால் பழகியவர்கள் 49-லிருந்துதான் தொடங்குவார்கள். கடைசியாக 28, 76, 3, தேவை 25. பழைய வழி இங்கே செல்லாது. 28-லிருந்து 3 போனால் 25 என்பது கண்ணெதிரே இருந்தும், லூச்சின்ஸின் சோதனையில் பலருக்கு விடை வரவில்லை.

ஆகவே வீட்டில் ஒரே பயிற்சியின் இருபது கணக்குகளை வரிசையாகப் போட வேண்டாம். நாலு பாடங்களிலிருந்து ஐந்தைந்து எடுத்துக் கலந்து கொடுங்கள். கணக்கைத் தொடுமுன், என்ன கேட்கிறார்கள், எந்த முறை, ஏன் அந்த முறை என்று ஒரு வரி எழுதட்டும். அந்த 'ஏன்'தான் முக்கியம். முதல் சில வாரங்கள் மதிப்பெண் குறையலாம், பயப்படாதீர்கள். ஐந்து நிமிடம் நகராவிட்டால் போட்டதைத் திருத்திக்கொண்டே இருக்காமல் புதுத் தாளில் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கெப்பாசிட்டரை மாற்றியும் பயனில்லை. இப்போது காயில் கட்டச் சொல்கிறார்கள், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டுமாம். செலவு செய்யலாமா?

பதில்: பொறுங்கள். கெப்பாசிட்டர் போயிருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. உங்களுடையது நன்றாகச் சுற்றுகிறதென்றால் கோளாறைத் தண்ணீர்ப் பக்கம்தான் முதலில் தேட வேண்டும். கரண்ட் கோளாறு என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பொருந்துவதை மட்டுமே தேடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். 'இது தவறாக இருந்தால் எதில் தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள்.

மெயினை அணைத்துவிட்டு, பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு) ஒழுகுகிறது, அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பு விட்டிருக்கிறது. வால்வில் சருகோ மண்ணோ சிக்குவது சகஜம். கழற்றிக் கழுவி, வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மட்டம் இறங்காவிட்டால், கிணற்றில் நீர்மட்டம் பம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மேலே வைத்த பம்பு நடைமுறையில் 7 மீட்டருக்குக் கீழிருந்து இழுக்கத் திணறும். நீர்மட்டம் அதைவிடக் கீழே போயிருந்தால் பம்பைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். காயில் கட்டித் தீராது.