ஆறு வயது லேப்டாப்பை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் லேப்டாப்புக்கு ஆறு வயதாகிறது. ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது, பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. புதிது வாங்கிக்கொண்டு இதை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சுழற்சிப் பொருளாதாரம் என்பது இதுதானே?"

சுழற்சிப் பொருளாதாரம் என்றால் பொருளைத் தூக்கி எறியாமல் முடிந்தவரை பயன்பாட்டிலேயே சுழல விடுவது. மறுசுழற்சி அதில் கடைசிப் படி. நீங்கள் முதல் படியிலேயே அங்கே தாவுகிறீர்கள்.

1976-லேயே ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதிய அறிக்கையில், பொருட்களின் ஆயுளை நீட்டுவதைப் பற்றிப் பேசியவர் சுவிட்சர்லாந்துக்காரரான வால்டர் ஸ்டாஹெல். அவர் சொல்லும் கணக்கு எளிது: உடையாததைப் பழுது பார்க்காதே, பழுது பார்க்க முடிந்ததைப் பிரித்துப் புதிதாக்காதே, புதிதாக்க முடிந்ததை உருக்காதே. பொருள் மறுபடி பயன்பாட்டுக்கு வரும் வட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு மிச்சம். ஏனென்றால் ஒரு லேப்டாப்பில் விலைமதிப்பானது அதிலிருக்கும் உலோகம் மட்டுமல்ல, அந்த உலோகத்தை லேப்டாப்பாக மாற்றியதில் செலவான மின்சாரம், தண்ணீர், ரசாயனம், உழைப்பு எல்லாம்தான். அதன் வாழ்நாள் கார்பன் வெளியேற்றத்தில் பெரும்பங்கு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தயாரிப்பில் முடிந்துவிடுகிறது. நசுக்கி உருக்கினால் அந்த உழைப்பெல்லாம் போய்விடும். செம்பும் அலுமினியமும் கொஞ்சம் தங்கமும் திரும்பி வரும். இண்டியம், டாண்டலம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் வராது, கசடோடு போய்விடும். அதுவும் முறையான ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான்! 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

சரி, இப்போது உங்கள் லேப்டாப். திறக்க ஐந்து நிமிடம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் மேல்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டால் பழைய இயந்திரமா இது என்று நீங்களே கேட்பீர்கள். ராம் 4 ஜிபி மட்டும் இருந்து, கூடுதலாகப் போட இடமும் இருந்தால் 8 ஆக்கிவிடுங்கள் (சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது, இது எனக்குத் தனிக் கோபம்). பேட்டரி சில நூறு சார்ஜ் சுற்றுகளில் தேய்வது இயல்பு, அது மாற்றுவதற்கென்றே உள்ள பாகம். விசிறியில் அடைந்த தூசியையும் தட்டிவிடச் சொல்லுங்கள்.

மென்பொருள்தான் கொஞ்சம் சிக்கல். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய ப்ராசஸர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏறாது. உங்களுடையது அந்த ரகம் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பிரவுசர், மின்னஞ்சல், ஆவணம் தட்டச்சு செய்வது இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாகப் போதும். கனமான வீடியோ எடிட்டிங் செய்பவரா? அப்போது புதிதே வாங்குங்கள், அல்லது புதுப்பித்து உத்தரவாதத்தோடு விற்கும் பழைய இயந்திரம் ஒன்றை. பழையதை அப்படியே வேறு யாருக்காவது கொடுங்கள்.

இதே கணக்கை எல்லாப் பொருளுக்கும் போட்டுவிடாதீர்கள். ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் ஓடுவது, அதன் வாழ்நாள் பாதிப்பில் பெரும்பகுதி ஓடும் மின்சாரத்தில் இருக்கலாம், ஆகவே மிகப் பழைய ஃப்ரிட்ஜை மாற்றுவது பல நேரம் சரியான முடிவு. லேப்டாப் குடிக்கும் மின்சாரம் அவ்வளவு இல்லை.

மதர்போர்டே போய், பழுது பார்க்க வழியில்லை என்றால் அப்போது மறுசுழற்சி. கொடுப்பதற்கு முன் டேட்டாவை அழியுங்கள். குப்பைக்கூடைக்குள் இழுத்துப்போட்டால் அழிந்ததாக அர்த்தமில்லை. இயந்திரம் இன்னும் ஓடினால் முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்துவிட்டு (பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு) ரீசெட் செய்யுங்கள், ஓடவே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், வீட்டுக் குப்பையில் போடவே வேண்டாம், தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் உப்பியிருக்கிறது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.