மெயில் சர்வரில் பெர்மிஷன் எச்சரிக்கை: 777 போட விடாதீர்கள்

கேள்வி: மருந்து மொத்த விற்பனை செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். எங்களுக்குச் சொந்த மெயில் சர்வர் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸில், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற புரோகிராம் ஓடுகிறது. போன மாதம் புது டிஸ்க்குக்கு மாற்றினார்கள். பிறகு ஏதோ பெர்மிஷன் பிரச்சினை என்று எங்கள் சர்வீஸ்காரர் போஸ்ட்ஃபிக்ஸ் ஃபோல்டர் முழுவதற்கும் 'ஓனரை' மாற்றினார். அன்றிலிருந்து, அதே சர்வரில் இருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் தானாக அனுப்பும் பில் மெயில் ஒன்றுகூடப் போகவில்லை. அவுட்லுக்கில் நாங்கள் அனுப்புவது மட்டும் ஒழுங்காகப் போகிறது. மெயில் சேவையைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் 30 வரிக்கு மேல் எச்சரிக்கை வருகிறது: 'நாட் ஓன்ட் பை ரூட்', 'நாட் ஓன்ட் பை குரூப் போஸ்ட்டிராப்', 'சிம்லிங்க் லீவ்ஸ் டைரக்டரி' என்று. சர்வீஸ்காரர், எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) கொடுத்தால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் சர்வர் கரப்ட் ஆகிவிட்டது, புதிதாகத்தான் போட வேண்டும், 65,000 ரூபாய் ஆகும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் 777 போட விடாதீர்கள். 65,000 ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சர்வர் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு தவறான கட்டளையால் வந்த வினை இது. சரிசெய்ய அரை மணி நேரம் போதும்.

அவுட்லுக் மெயில் போகிறது, பில்லிங் மெயில் மட்டும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. அவுட்லுக் வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக வந்து, பாஸ்வேர்டு காட்டி, மெயிலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பில்லிங் சாஃப்ட்வேர் சர்வருக்கு உள்ளேயே இருப்பதால் வேறு வழியில் போகிறது. அந்த வழியில் 'மெயில்டிராப்' என்று ஒரு ஃபோல்டர். தெருமுனைத் தபால் பெட்டி மாதிரி அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போட இடுக்கு இருக்கிறது. கையை விட்டு அடுத்தவர் கடிதத்தை எடுக்க முடியாது. திறக்கும் சாவி தபால்காரரிடம் மட்டும்.

போஸ்ட்ஃபிக்ஸை எழுதியவர் வீட்சே வெனிமா. ஐபிஎம்மின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது எழுதி, 1998-இல் வெளியிட்டார். ஆரம்பத்தில் இந்த மெயில்டிராப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் இருந்தது. பிறகு அதை மூடி, 'போஸ்ட்டிராப்' என்ற சின்ன புரோகிராம் வழியாக மட்டுமே உள்ளே போட முடியும் என்று மாற்றினார்கள். அந்தப் புரோகிராம்தான் இடுக்கு. அதற்கென்று போஸ்ட்டிராப் என்ற பெயரிலேயே ஒரு குரூப் (ஒரே அனுமதியைப் பகிரும் யூசர் குழு) உண்டு. மெயில்டிராப் ஃபோல்டரும் அந்த குரூப்பின் பெயரில் இருந்தால்தான் இடுக்கு திறக்கும்.

உங்கள் சர்வீஸ்காரர் செய்தது, வார்-ஸ்பூல்-போஸ்ட்ஃபிக்ஸ் (/var/spool/postfix) ஃபோல்டரில் நின்று, அதற்குள் இருக்கும் அத்தனையையும் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற யூசர், 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற குரூப் பெயருக்கு மாற்றியது. ஓனரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையோடு பெரிய ஆர் சேர்த்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பாயும். இணையத்தில் இந்தப் பிரச்சினையைத் தேடினாலும் இந்தக் கட்டளை கண்ணில் படலாம். ஃபோல்டர் பெயர் போஸ்ட்ஃபிக்ஸ், அதனால் ஓனரும் போஸ்ட்ஃபிக்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஒரு ஃபோல்டருக்குள் மூன்று விதமான உரிமை இருக்கிறது. வெளி ஃபோல்டர், சர்வரில் முழு அதிகாரமும் உள்ள 'ரூட்' என்ற யூசருக்குச் சொந்தம். சர்வரின் அதே பெயர் ஃபோல்டர்களிலிருந்து சில கோப்புகளை நகலெடுத்து உள்ளே வைத்திருக்கும் 'இடிசி', 'லிப்', 'யூஎஸ்ஆர்' ஆகிய நகல் ஃபோல்டர்களும் ரூட்டுக்கே. மெயில் காத்திருக்கும் இன்கமிங், ஆக்டிவ், டிஃபர்டு போன்ற வரிசை ஃபோல்டர்கள் போஸ்ட்ஃபிக்ஸுக்கு. மெயில்டிராப்பும் 'பப்ளிக்'கும் போஸ்ட்ஃபிக்ஸ் பெயரில், ஆனால் போஸ்ட்டிராப் குரூப்பில். இப்போது எல்லாம் ஒரே பெயரில் கிடக்கிறது. இடுக்கு அடைத்துக்கொண்டது.

777 என்றால் என்ன என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். முதல் எண் ஓனருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய அல்லது ஓட்ட 1, கூட்டினால் 7. மெயில்டிராப்புக்கு இருக்க வேண்டியது 730. ஓனருக்கு எல்லாம், குரூப்புக்கு எழுதவும் நுழையவும் மட்டும் (பார்க்க அனுமதி இல்லை), மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அந்த 3-தான் தபால் பெட்டியின் இடுக்கு. 777 போடுவது பெட்டியின் கதவையே கழற்றித் தெருவில் வைப்பது. உங்கள் பில்லிங் வெப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியாக வருகிறவன் உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போகும் பில் மெயிலைப் படிப்பான், அழிப்பான், மாற்றுவான். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிய பில் ஒன்று உங்கள் பெயரிலேயே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 777 போட்டதும் பில் மெயில் போக ஆரம்பித்துவிடும்! எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போவார்கள். எச்சரிக்கை மட்டும் நிற்காது, சில வரி கூடவே செய்யும். மெயில் போகிறதே என்று யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் போய்ப் பார்த்த ஓர் அச்சகத்தில் இப்படித்தான் ஒன்றரை வருடம் திறந்தே கிடந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் பணம் வாங்கியவர், அந்த எச்சரிக்கையெல்லாம் 'சும்மா வரும்' என்று சொல்லியிருந்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, செய்ய வேண்டியது. உங்கள் சர்வீஸ்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யச் சொல்லுங்கள். முதலில், இப்போது இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கெட்-எஃப்ஏசிஎல் கட்டளையைப் பெரிய ஆர் சேர்த்து ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் சேமிக்கட்டும். பெர்மிஷன் மாற்றத்துக்கு 'அன்டூ' கிடையாது. கெட்டிருக்கும் நிலையாக இருந்தாலும் அது ஒரு சாட்சி.

அடுத்து, 'சூடோ போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பெர்மிஷன்ஸ்' (சூடோ என்றால் ரூட் அதிகாரத்தோடு ஓட்டுவது). எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம், என்ன எண் இருக்க வேண்டும் என்ற பட்டியல் போஸ்ட்ஃபிக்ஸ் கைவசமே இருக்கிறது. அதைப் பார்த்து அதுவே சரிசெய்துகொள்ளும். இந்தக் கட்டளை பல வருடமாக இருக்கிறது, மேனுவலில் எழுதியிருக்கிறது, ஆனாலும் ஆளாளுக்குக் கையால் எண் போட்டுப் பார்க்கிறார்கள். உபுண்டுவில் இது சில சமயம் ஏதோ ஓர் ஆவணக் கோப்பு இல்லை என்று முறையிட்டுப் பாதியில் நின்றுவிடும். அதனால் முடிந்ததும் மெயில்டிராப், பப்ளிக் இரண்டையும், ஓனர், குரூப், அனுமதியைக் காட்டும் எல்எஸ்-எல் கட்டளை போட்டுக் கண்ணால் பாருங்கள். ஓனர் இடத்தில் போஸ்ட்ஃபிக்ஸ், குரூப் இடத்தில் போஸ்ட்டிராப் என்று தெரிய வேண்டும். மெயில்டிராப் வரியில் கடைசி எழுத்தாக ஒரு பெரிய 'டி' தெரிந்தால் அது உபுண்டுவின் வழக்கம், அதைத் தொட வேண்டாம்.

நகல் ஃபோல்டர்களை அந்தக் கட்டளை தொடாது. எனவே இடிசி, லிப், யூஎஸ்ஆர் மூன்றையும் கையால் ரூட் பெயருக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்: நான் சொல்வது வார்-ஸ்பூல்-போஸ்ட்ஃபிக்ஸுக்கு உள்ளே இருக்கும் இடிசி. முன்னால் இருக்கும் பாதையை விட்டுவிட்டு, சர்வரின் உண்மையான இடிசி மீது அந்தக் கட்டளை பாய்ந்தால் இதைவிடப் பெரிய வேலை காத்திருக்கும். பாதையை வாய்விட்டுப் படித்துவிட்டு என்டர் தட்டச் சொல்லுங்கள்.

வரிசை ஃபோல்டர்களுக்குள் இருக்கும் மெயில் கோப்புகளுக்கு ஒட்டுமொத்தமாக 644 அல்லது 600 போட்டு 'சுத்தம்' செய்யக் கூடாது. மெயில் முழுதாக வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமாக, அந்தக் கோப்பின் ஓனருக்கு 'ஓட்டும்' அனுமதியைப் போஸ்ட்ஃபிக்ஸ் வைக்கிறது. மெயிலை யாரும் ஓட்டப்போவதில்லை, அது வெறும் முத்திரை. முத்திரையை அழித்தால் முழு மெயிலும் அரைகுறை மெயிலாகத் தெரியும், அனுப்பாமல் அப்படியே வைத்திருக்கும்.

போஸ்ட்டிராப், போஸ்ட்க்யூ என்ற இரண்டு புரோகிராம்களையும் பார்த்துவிடுங்கள். யூஎஸ்ஆர்-எஸ்பின்னில் இருக்கும். எல்எஸ்-எல் போட்டால் குரூப்புக்கான மூன்று எழுத்தில் கடைசியாக 'எக்ஸ்' இருக்கும் இடத்தில் 'எஸ்' இருக்க வேண்டும். அந்த எஸ் தான் இடுக்குக்கு உயிர். லினக்ஸில் ஒரு புரோகிராமின் ஓனரை மாற்றினால், மாற்றுவது ரூட்டாகவே இருந்தாலும், இந்த எஸ் தானாக அழிந்துவிடும். அதனால் எப்போதும் முதலில் சிஎச்ஓன், அப்புறம் சிஎச்மோட் (அனுமதியை மாற்றும் கட்டளை). முறை மாறினால் செய்த வேலை போய்விடும், போனது கண்ணுக்கும் தெரியாது.

இனி அந்த 'சிம்லிங்க் லீவ்ஸ் டைரக்டரி' வரி. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மற்ற எல்லா எச்சரிக்கையும் போன பிறகு இது ஒன்று தங்கியிருக்கும். அதைக் காட்டியே உங்களிடம் மறுபடி பணம் கேட்பார்கள். வரியின் கடைசியில் 'மேக்டெஃப்ஸ் டாட் அவுட்' என்ற கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிம்மதியாக இருங்கள். போஸ்ட்ஃபிக்ஸை எந்தெந்த அமைப்புகளோடு கட்டினார்கள் என்ற குறிப்புதான் அந்தக் கோப்பு. மெயில் அனுப்பவோ வாங்கவோ அது தேவையில்லை. உபுண்டுவும், அதற்கு அடிப்படையான டெபியன் என்ற லினக்ஸும் அதை வேறு ஃபோல்டரில் வைத்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸின் ஃபோல்டரில் ஒரு இணைப்பு (அதுதான் சிம்லிங்க், வேறு இடத்தில் இருக்கும் கோப்பைச் சுட்டும் பெயர்) மட்டும் போட்டிருக்கிறார்கள். அமைப்புக் கோப்புகளின் ஃபோல்டரிலிருந்து ஓர் இணைப்பு வெளியே போகிறதே என்று போஸ்ட்ஃபிக்ஸின் சோதனை கேட்கிறது. கேட்பதும் நியாயம், இணைப்பு இருப்பதிலும் ஆபத்தில்லை. தொகுத்துக் கொடுப்பவர்கள் ஒரு வரி மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் பல பதிப்புகளில் இப்படியே கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் புது சர்வர் போட்டவுடன் முதல் நாளே இந்த வரி வந்து நிற்கும். இதற்கும் 'வார்னிங்', கதவு திறந்து கிடப்பதற்கும் அதே 'வார்னிங்' என்றால், கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எதை நம்புவார்? எல்லாவற்றையும் அலட்சியம் செய்யப் பழக்குவதே இதுதான். உறுத்தினால் இணைப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் கோப்பின் நகலை வைக்கலாம். வைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வரியின் கடைசியில் வேறு கோப்பின் பெயர் இருந்தால் மட்டும் யார் போட்ட இணைப்பு என்று விசாரியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 'சூடோ போஸ்ட்ஃபிக்ஸ் செக்' ஓட்டுங்கள். அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. பிறகு பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு பில் அனுப்பிப் பாருங்கள். வார்-லாக்கில் இருக்கும் மெயில் லாக்கில் (மெயில் சேவையின் பதிவுக் கோப்பில்) மெயில்டிராப் 'பெர்மிஷன் டினைடு' என்ற வரி இதுவரை 10 நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்திருக்கும். அது நின்றிருக்க வேண்டும். சிக்கிக்கொண்ட பழைய பில்களில் சில, சர்வரை அணைக்காமல் இருந்திருந்தால், இன்னும் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கலாம். இடுக்கு திறந்ததும் அவை தாமாகப் போய்விடும். எனவே பழைய பில்களை உடனே மறுபடி அனுப்பாதீர்கள். லாக்கைப் பார்த்து, போகாதவற்றை மட்டும் அனுப்புங்கள்.

65,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். போஸ்ட்ஃபிக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை, உபுண்டுவையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 'கரப்ட்' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கோப்பு, லாக்கில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ரூட் பாஸ்வேர்டு உங்கள் நிறுவனத்திடம் இருக்கிறதா? உங்கள் டொமைன் யார் பெயரில், யாருடைய மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறது? இந்த இரண்டையும் சர்வீஸ்காரர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, பிரிய முடியாதபடி கட்டிப்போடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சர்வரை விற்பவர் அதன் சாவியையும் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தாக வேண்டும் என்று கேட்க இந்தத் தொழிலில் ஆளே இல்லை. நீங்களே கேளுங்கள். இந்த வேலையை அவர் செய்து முடிக்கும் அன்றே பாஸ்வேர்டை ஒரு உறையில் போட்டு வாங்கி, முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். டொமைன் அவர் பெயரில் இருந்தால், அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிய பிறகே அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.