‘ஹாலோ’ வாள் என்றால் உள்ளே வெற்று அல்ல

கேள்வி: என் மாமனார் லண்டனில் வாங்கிய பழைய ஸ்மால்ஸ்வோர்ட் (குத்துவதற்கான மெல்லிய, லேசான வாள்) ஒன்று எங்களிடம் இருக்கிறது. அலகு (பிளேடு) 81 செ.மீ. நீளம், முக்கோண வடிவம். கைப்பிடியருகே 22 மி.மீ. அகலம், அங்கிருந்து நுனி வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுகிறது. ரசீதில் ‘ஹாலோ பிளேடு, கோலிஷ்மார்ட்’ என்று இருக்கிறது. காப்பீட்டுப் பட்டியலிலும் அப்படியே எழுதலாமா?

பதில்: முதல் சொல்லை எழுதலாம். இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

‘ஹாலோ’ என்றதும் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்குமோ என்று தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அலகு கெட்டியானதுதான். முக்கோணத்தின் முகங்களைத் தட்டையாக விடாமல் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. எடை குறையும், விறைப்பு போகாது. குத்துவதற்கென்றே செய்த வாளுக்கு அதுதானே வேண்டும்.

வாளை ஜன்னலோரம் கொண்டுபோய் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தட்டையான முகமென்றால் மொத்தமும் ஒரே நேரத்தில் பளிச்சிடும். குழிவான முகத்தில் வெளிச்சம் மெல்லிய கோடாக விழுந்து, நீங்கள் திருப்பத் திருப்ப ஓரத்துக்கு ஓரம் நகரும். அந்தக் கோடு தெரிந்தால் ‘ஹாலோ’ என்று தைரியமாக எழுதலாம்.

இது அந்தக் காலத்திலேயே புழங்கிய சொல். ஜெர்மனியின் சொலிங்கனிலிருந்து வந்த கொல்லர்கள் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஷாட்லி பிரிட்ஜ் என்ற ஊரில் குடியேறி இந்த அலகுகளைச் செய்தார்கள். 1691இல் சாசனம் பெற்ற நிறுவனத்தின் பெயரே ‘ஹாலோ ஸ்வோர்ட் பிளேட் கம்பெனி’. (பின்னாளில் அது கைமாறி, வங்கித் தொழிலில் இறங்கி, 1720இல் சவுத் ஸீ என்ற கம்பெனியின் பங்குகள் சரிந்தபோது நொடித்துப்போனது தனிக்கதை.)

அப்புறம் கோலிஷ்மார்ட். அது ஸ்மால்ஸ்வோர்ட் அலகில் ஒரு வகை. அதன் அடிப்பகுதி நல்ல அகலமாக இருக்கும்; கொஞ்ச தூரம் போனதும் தோள் இறங்கியதுபோல சட்டென்று ஒடுங்கி ஊசியாகிவிடும். உங்கள் அலகில் அந்தத் தோள் இல்லை. ஆகவே அது கோலிஷ்மார்ட் அல்ல. அந்தப் பெயருக்கு விலை கூடும் என்பதால் எல்லா முக்கோண அலகுக்கும் அதை ஒட்டிவிடும் பழக்கம் சந்தையில் இருக்கிறது. கோலிஷ்மார்ட் ‘கோனிக்ஸ்மார்க்’ பிரபு கண்டுபிடித்தது, 1720க்குள் வழக்கொழிந்தது என்றும் சொல்வார்கள். முதலாவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இரண்டாவது தவறு, ராணுவ அதிகாரிகள் அதன் பிறகும் வெகுகாலம் அணிந்தார்கள்.

நீள்பள்ளம் ஏதாவது இருந்தால் ‘ரத்தப் பள்ளம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எடையைக் குறைக்க இட்ட பள்ளம் அது. துரு தெரிந்தாலும் உப்புத்தாள் போடாதீர்கள். கைப்பிடிப் பக்கத்துச் சித்திர வேலை மிக ஆழம் குறைந்தது, ஒரே தேய்ப்பில் போய்விடும்.

சரி, பட்டியலில் இப்படி எழுதுங்கள்: ‘ஸ்மால்ஸ்வோர்ட். முக்கோண அலகு, முகங்கள் குழிவானவை (ஹாலோ). நீளம் 81 செ.மீ., அடியில் அகலம் 22 மி.மீ., நுனி வரை சீராகக் குறுகுவது.’ காலத்தை எழுதும்போது அலகுக்கும் கைப்பிடிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய அலகில் புதுப் பிடி மாட்டுவது அன்றைக்குச் சர்வசாதாரணம்.